ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்பால்

"மனோவியாதிக்குச் சிகிச்சை பெற்று வந்தவர் தற்கொலை" என்ற செய்தியைத் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும் எவரும் பன்முறை கண்டிருப்பர். மூன்று வரிகளில் செய்தி முடிந்துவிடுகிறது. போலீஸார் காரணம் இன்னதென்று எழுதி வழக்கை முடிக்கின்றனர். அண்டை அயலார் "ஏற்கெனவே புத்தி சரியில்லாதவர்தானே" என்று சமாதானம் செய்துகொள்ளுகின்றனர். வியாதியே காரணம் என்று சொல்லிவிட்ட பிறகு கேள்வி கேட்பதற்கு இடமேது? ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் ஆரம்பமாகிறது. அந்த மனிதர் பல மாதங்களாக, சில சமயம் பல ஆண்டுகளாக, அதே வியாதியோடு உயிர் தரித்திருந்தார். அப்படியிருக்க, அந்த வாரத்தில், அந்தத் தினத்தில் மாத்திரம் உயிரை வெறுக்கும்படி நேர்ந்தது என்ன? இக்கேள்விக்கு விடை தேடாதவரையில் நாம் எத்தனை ஆஸ்பத்திரிகள் கட்டினாலும் பயன் குறைவாகவே இருக்கும்.

திருப்பூர் நகரத்தாருக்கு இவ்விஷயம் புதிதல்ல. 2009, 2010 ஆண்டுகளில் அந்நகரில் தற்கொலைகள் பெருகியது தேசமெங்கும் பேசப்பட்டது. உலக வியாபார மந்தத்தால் 2008 முதல் வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கியிருந்த காலம் அது. பின்னர் 2011 ஜனவரியில், நொய்யல் நதியைக் கெடுத்த சாயப்பட்டறைகளைச் சென்னை ஹைகோர்ட் மூடச் சொல்லியபோது, எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே சமயத்தில் நின்றன. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது வாரக் கூலி கொடுக்கக் கையில் பணமின்றிப் பனியன் கம்பெனிகள் திணறின. 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் நம் சரக்குகள்மீது 50 சதவீதம் வரை வரி விதித்தபோது மறுபடியும் ஷிப்டுகள் குறைந்தன. கடல் கடந்த ஒரு நகரில் ஒரு வியாபாரி ஆர்டரை ரத்து செய்தால், இங்கே பவர் டேபிளின் முன் உட்கார்ந்திருப்பவரின் வீட்டு அடுப்பு அணைகிறது. இத்தகைய ஊரிலே மனிதர்களின் மனம் எவ்வாறு உடைகிறது என்பது டாக்டர்கள் மாத்திரம் ஆராயும் விஷயமாக இருக்க முடியாது.

இவ்விஷயத்தில் இரு கட்சியினர் வாதாடி வருவதைக் காண்கிறோம். வறுமையும் கடனுமே காரணம், வியாதி என்று சொல்வது முதலாளிகளையும் சர்க்காரையும் தப்புவிக்கும் தந்திரம் என்கிறார்கள் ஒரு சாரார். வியாதியே காரணம், வேலை போனவரெல்லாம் உயிரை விட்டுவிடுகிறார்களா என்கிறார்கள் மற்றொரு சாரார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொள்வதால் இருவரும் தவறுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

மத்திய சர்க்காரின் குற்றப் பதிவு அலுவலகம் வெளியிடும் கணக்கின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டார். நாடு முழுவதிலும் அவ்வாறு இறந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு மேல் தினக்கூலிகள். காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடமும் வியாதி இரண்டாமிடமும் பெறுகின்றன. ஆனால் இக்கணக்கு தயாராகும் முறையைக் கவனிக்க வேண்டும். ஒரு மரணத்துக்கு ஒரு காரணமே எழுதப்படுகிறது. மனச்சோர்வு வியாதியுள்ள ஒருவர், வேலையிழந்து, கடன்காரர் வாசலில் நின்று ஏசிய தினத்தில் இறந்தால், அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வியாதி என்று எழுதினால் கடன் மறைகிறது. கடன் என்று எழுதினால் வியாதி மறைகிறது. மனித வாழ்க்கை ஒரே கட்டத்துக்குள் அடங்குவதில்லை.

சென்னையில் டாக்டர் லக்ஷ்மி விஜயகுமாரும் டாக்டர் ராஜ்குமாரும் செய்து 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. தற்கொலையால் இறந்த நூறு பேரின் வாழ்க்கையை, உயிரோடிருக்கும் வேறு நூறு பேரின் வாழ்க்கையோடு அவர்கள் ஒப்பிட்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதேனும் ஒரு மனோவியாதி இருந்ததென்று கண்டனர். அதனோடு, சாவதற்குச் சமீப காலத்தில் நேர்ந்த இடிபோன்ற சம்பவங்களும் தனிக் காரணமாக நின்றன. விறகு காய்ந்திருந்தது என்பதும் உண்மை. அதில் பொறி விழுந்தது என்பதும் உண்மை. காய்ந்த விறகைப் பற்றியே பேசிக்கொண்டு பொறி எங்கிருந்து வந்தது என்று பாராமல் இருப்பது நெருப்பை அணைப்பவர் செய்யும் வேலையன்று.

அந்தப் பொறி எப்போது அதிகமாக விழுகிறது? உலகத்தின் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2017இல் வெளியான ஒரு கணக்கு திடுக்கிட வைக்கும் விடையைத் தருகிறது. மனோவியாதி ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களிடையே, முதல் மூன்று மாதங்களில் தற்கொலையின் வேகம், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 1,132 என்ற விகிதத்தில் இருந்தது. 2022இல் நமது தேசத்தின் பொது விகிதம் லட்சத்துக்கு 12.4. இரண்டும் ஒரே ஜனசமூகத்தின் கணக்கல்ல. ஆயினும் வித்தியாசத்தின் அளவை உணர இது போதும். வியாதி முற்றி ஆஸ்பத்திரியில் சேரும் காலத்தையே நாம் அபாயமென்று எண்ணுகிறோம். 'குணமாகிவிட்டது' என்று கையில் சீட்டுக் கொடுத்து அனுப்பிய பின்வரும் நாட்களும் அதற்குக் குறையாத அபாயமுள்ளவை. உறவினர் நிம்மதிப் பெருமூச்சு விடும் வேளையில்தான் நோயாளி தனியே விடப்படுகிறார்.

இதைக் கேட்டு, சிகிச்சையே ஆகாது என்று யாரும் முடிவு செய்துவிடலாகாது. ஆஸ்பத்திரியில் சேருவோர் மற்றவர்களைவிடக் கடுமையான நோயுடையவர்கள். ஆகையால் அவர்களிடையே அபாயம் அதிகமாயிருப்பதில் வியப்பில்லை. திரும்பியவர்களில் மிகப் பெரும்பாலோர் உயிரோடு வாழ்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. நமது தேசத்தில் உண்மையான கேடு சிகிச்சையின்மையே. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் தமிழ்நாடு உட்பட 12 மாகாணங்களில் 2015-16இல் நடத்திய தேசிய ஆராய்ச்சி, பலவகை மனோவியாதிகளுள்ளோரில் நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை தக்க சிகிச்சையின்றி இருப்பதாகக் கூறியது. ஆகவே ஆஸ்பத்திரி வேண்டும். ஆஸ்பத்திரியோடு நின்றுவிடக் கூடாது என்பதே நாம் சொல்வது.

வீடு திரும்பியவருக்கு நேர்வது என்ன? திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். அங்கே கூலி பெரும்பாலும் பீஸ் கணக்கு, வாரக் கணக்கு. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தவரின் இடத்தில் வேறு டெய்லர் உட்கார்ந்துவிடுகிறார். வாடகை பாக்கி நிற்கிறது. கைமாற்றாக வாங்கிய தொகை கந்துவட்டியால் வளர்ந்திருக்கிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் சட்டம் செய்தாயிற்று. வட்டி வாங்குவோர் சட்டத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. மாத்திரையால் தூக்கம் வருகிறது. தூங்கி விழுந்தால் ஊசி விரலில் ஏறும், தையலும் கோணும். எனவே வேலைக்காக மாத்திரையை நிறுத்துகிறார். சில மருந்துகள் உட்காரவொட்டாத ஒரு பரபரப்பை உடம்பில் உண்டாக்கும். டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிவிடுவார். ஆனால் அதையும் வியாதியென்றே எண்ணி நோயாளி வாய் திறப்பதில்லை. சித்தம் தெளியத் தெளிய, தாம் இழந்ததன் அளவும் தெளிவாகிறது. துக்கம் மறக்கச் சர்க்கார் நடத்தும் மதுக்கடை திறந்தே இருக்கிறது. மது துக்கத்தை மறக்கடிப்பதில்லை, தயக்கத்தையே மறக்கடிக்கிறது. இவ்வளவும் சேர்ந்திருக்கும்போது, தெருவில் ஒருவர் "பைத்தியம்" என்று சொல்லும் ஒரு வார்த்தை போதும், வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச.

வெளியூரிலிருந்து வந்து விடுதிகளிலும் ஒற்றை அறைகளிலும் வசிக்கும் பெண்களின் நிலைமையும், பீஹார், ஒரிஸ்ஸா முதலிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளரின் நிலைமையும் இன்னும் பரிதாபகரமானது. நூல் மில்களில் கல்யாணச் செலவுக்கென ஒரு தொகையை ஒப்பந்த முடிவில் தருவதாகச் சொல்லி இளம் பெண்களைச் சேர்க்கும் 'சுமங்கலி' ஏற்பாடு பலமுறை கண்டனத்துக்குள்ளானது. நடுவில் நோயுற்று வீடு திரும்பினால் தொகை போய்விடுமோ என்ற அச்சமே, நோயை மறைக்கும்படி ஒரு பெண்ணைத் தூண்டப் போதுமானது. வடநாட்டுத் தொழிலாளிக்கோ தமது மனத்தின் வேதனையை டாக்டரிடம் சொல்லப் பாஷையே இல்லை. வயிற்றுவலியை ஜாடையால் காட்டலாம். நம்பிக்கையிழந்ததை எந்த ஜாடையால் காட்டுவது?

'அபாயத்திலிருப்பவர் யாரென்று முன்னதாகக் கண்டுபிடித்து அவர்களை மாத்திரம் காவல் செய்யலாமே' என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். அது இயலாத காரியமென்று அனுபவம் காட்டுகிறது. பிரிட்டனில் 1996 முதல் மனோவைத்தியம் பெற்றோரின் தற்கொலை ஒவ்வொன்றையும் விசாரித்து வரும் தேசிய விசாரணை ஸ்தாபனம், இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கடைசியாகப் பார்த்த டாக்டர்கள் 'அபாயம் குறைவு' என்றே மதிப்பிட்டிருந்ததைக் கண்டது. மதிப்பெண் போட்டுத் தற்கொலையை முன்கூட்டிச் சொல்ல முயல வேண்டாமென்று அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டி நிறுவனமே 2022இல் அறிவித்தது. இதிலிருந்து பெறும் பாடம் எளிதானது. அபாயமானவர் இவர், அபாயமற்றவர் இவர் என்று பிரித்து, பின்னவரைக் கைவிடும் முறை கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் எல்லோருக்கும் பாதுகாப்பு வேண்டும்.

அந்தப் பாதுகாப்புக்கு வழி உண்டா? உண்டு. இங்கிலாந்தில், ஆஸ்பத்திரியை விட்டுச் சென்றவரை மூன்று தினங்களுக்குள் நேரிலோ வேறு வகையிலோ தொடர்பு கொண்டு விசாரிக்க வேண்டுமென்று விதி செய்தார்கள். நமக்கு அந்நிய நாட்டு உதாரணமும் தேவையில்லை. உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து நகரங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட பரீக்ஷையில் சென்னையும் ஒன்று, கொழும்பும் ஒன்று. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதனோடு சுமார் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசியதும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை டெலிபோனிலோ நேரிலோ நலம் விசாரித்ததுமே விசேஷம். முடிவில், வழக்கமான சிகிச்சை மாத்திரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 2.2 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 பேர். ஒன்பது முறை 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டதற்கு இத்தனை பலன்!

இது ஏன் பலிக்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். சாக வேண்டுமென்ற உந்துதல் பெரும்பாலும் நிலையானதல்ல. அலைபோல் எழுந்து அடங்குவது. அந்த அலை அடங்கும்வரை ஒரு துணை கிடைத்தாலும், கைக்கெட்டும் தூரத்தில் விஷமின்றி இருந்தாலும் உயிர் தப்பிவிடுகிறது. இலங்கையில் 1995 வாக்கில் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. சில கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு சர்க்கார் படிப்படியாக விற்பனையிலிருந்து நீக்கியபின் அவ்விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்நாட்டாரின் கஷ்டங்கள் அதற்குள் தீர்ந்துவிடவில்லை. உள்நாட்டு யுத்தமே நடந்துகொண்டிருந்தது. ஆகவே 'சாகத் துணிந்தவரைத் தடுக்க முடியாது' என்ற பழம் பேச்சு உண்மையல்ல. அது நமது சோம்பலுக்கு நாம் போர்த்தும் போர்வை.

சட்டம் நமக்கு அனுகூலமாகவே இருக்கிறது. 2018 மே மாதம் அமுலுக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டுமெனவும், மறுபடி அந்நிலை நேராதபடி சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது சர்க்காரின் கடமையெனவும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமுலிலுள்ள நியாய சம்ஹிதை, பொது ஊழியரை நிர்ப்பந்திப்பதற்காகச் செய்யப்படுவது தவிர, தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொள்ளவில்லை. மனநலச் சட்டத்தின் 98ஆவது பிரிவு, நோயாளியை வீட்டுக்கு அனுப்புமுன் அவரோடும் குடும்பத்தாரோடும் கலந்து, இனி சிகிச்சை எங்கே, எவ்வாறு தொடரும் என்று ஒரு திட்டம் வகுக்க வேண்டுமென்று விதிக்கிறது. 'ஒரு மாதம் கழித்து வாருங்கள்' என்று சீட்டில் கிறுக்குவது திட்டமாகாது. அபாயம் மிகுந்த முதல் மாதத்தைத் தாண்டிய பிறகு வரச் சொல்வது, கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம் செய்யச் சொல்வதை ஒக்கும்.

ஈ.எஸ்.ஐ. திட்டத்திலும் தொழிலாளருக்குத் தெரியாத ஒரு நன்மை இருக்கிறது. ஸ்கிஸோப்ரேனியா முதலிய சில கடும் மனோவியாதிகள் அதன் நீண்டகால நோய்ப் பட்டியலில் சேர்ந்தவை. குறைந்தது இரண்டாண்டு இன்ஷூரான வேலையிலிருந்து, உரிய சந்தாவும் செலுத்தியவருக்கு, இரண்டாண்டு வரை கூலியில் 80 சதவீதம் உதவியாகக் கிடைக்கும். கூலி வரும் என்ற நம்பிக்கையே பாதி மருந்து. ஆனால் காண்டிராக்டரின் கீழும், ஜாப் ஒர்க் கொட்டகைகளிலும் பெயரே பதிவாகாமல் தைப்பவருக்கு இது கானல்நீர். பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டுமென்ற சங்கத்தின் கோரிக்கை, வெறும் பணக் கோரிக்கையல்ல. உயிர்க் கோரிக்கை என்பதை முதலாளிமார் உணர வேண்டும்.

ஆகவே நாம் சர்க்காரிடம் வற்புறுத்துவது இவை. முதலாவது, மனோவியாதி வார்டிலிருந்தோ, தற்கொலை முயற்சிக்குப்பின் பொது வார்டிலிருந்தோ வீடு திரும்பும் ஒவ்வொருவரையும் மூன்று தினங்களுக்குள்ளும், பின்னர் குறித்த இடைவெளிகளிலும் விசாரிக்கும் ஏற்பாடு வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருப்பூர் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலேயே இதை ஆரம்பிக்கலாம். இரண்டாவது, அவர்களுக்குரிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில், தொழிலாளர் வேலை முடிந்து வரும் மாலை நேரத்திலும் கிடைக்க வேண்டும். ஹிந்தியும் ஒரியாவும் பேசத் தெரிந்தவர் உடனிருக்க வேண்டும். மூன்றாவது, சிகிச்சையிலிருந்தவர் தற்கொலையால் இறந்தால், யார் குற்றவாளி என்று தேடாமல், எந்த இடத்தில் துணை அறுந்தது என்று மாத்திரம் ஆராயும் விசாரணை மாவட்டந்தோறும் நடக்க வேண்டும். 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டம், 2030க்குள் இம்மரணங்களைப் பத்து சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறது. ஒரே காரணம் எழுதும் கட்டங்களை வைத்துக்கொண்டு அந்த லட்சியத்தை அடைய முடியாது.

பணமில்லை, டாக்டர்கள் போதவில்லை என்று பதில் வரும். டாக்டர்கள் போதாதென்பது மெய். ஆனால் டெலிபோனில் நலம் விசாரிக்க ஒவ்வொரு முறையும் டாக்டர் வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற நர்ஸ் போதும், மேற்பார்வைக்கு ஒரு டாக்டர் போதும். ஒரு ஷிப்மெண்டில் எத்தனை பெட்டிகள் எந்தத் துறைமுகத்தில் எந்த மணிக்கு இருக்கின்றன என்று விரல் நுனியில் சொல்லும் ஊர் திருப்பூர். அனுப்பிய பனியனைப் பின்தொடரத் தெரிந்த நமக்கு, அனுப்பிய மனிதரைப் பின்தொடரத் தெரியாதா?

சர்க்காரை மாத்திரம் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. முதலாளிகள், நோயிலிருந்து திரும்பியவருக்குச் சில வாரங்கள் இரவு ஷிப்டின்றி இலகுவான வேலை கொடுத்து அவர் இடத்தைக் காத்து வைக்கலாம். தொழிற்சங்க ஊழியர்கள், போனஸ் கணக்கைப் போலவே ஈ.எஸ்.ஐ. உரிமையையும் வீடுதோறும் சொல்லலாம். கடன்காரர் தொல்லை தருமிடத்தில் நோயாளியின் சார்பில் நிற்கலாம். பத்திரிகைகளுக்கும் கடமை உண்டு. சிகிச்சையிலிருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி வெளியிடலாகாதென்று மனநலச் சட்டத்தின் 24ஆவது பிரிவு கூறுகிறது. இறந்த விதத்தை விஸ்தரிப்பதும், ஒரே காரணத்தைத் தலைப்பில் கட்டுவதும், அதே நிலையிலுள்ள இன்னொருவருக்கு வழிகாட்டுவதாக முடியும்.

வீட்டிலோ தொழிற்சாலையிலோ ஒருவர் 'இனி என்ன இருக்கிறது' என்று பேசினால், அதை வெறும் சலிப்பென்று தள்ளிவிடலாகாது. சாகும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாய் உண்டாகிவிடாது. பேச ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதலே உண்டாகும். தனியே விடாமல் அருகிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய சர்க்காரின் மனநல டெலிபோன் எண் 14416. தமிழ்நாட்டு சர்க்காரின் சுகாதார எண் 104. இரண்டும் கட்டணமில்லாதவை, இரவிலும் பேசலாம்.

1794 முதல் சென்னையில் மனோவியாதி ஆஸ்பத்திரி இருந்து வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, நோயாளியை உள்ளே வைத்துக் காப்பது எப்படி என்று கற்று வந்தோம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோது, அதையும் எவ்வளவு அரைகுறையாகக் கற்றிருந்தோம் என்று வெட்கினோம். வெளியே அனுப்பியவரைக் காப்பது எப்படி என்று கற்க இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தப் பாடத்துக்கு வேண்டியது பெரிய கட்டிடமல்ல. மூன்றாம் நாளில் ஒரு குரல், முப்பது நாளைக்குத் தடையில்லாத மருந்து, திரும்பி வந்து உட்கார ஓர் இடம். இவற்றைக் கொடுக்க முடியாத சமூகம், ஒவ்வொரு மரணத்துக்கும் 'வியாதி' என்று எழுதிக் கையைக் கழுவிக்கொள்ள உரிமையுடையதல்ல.